கையை வைத்துக்கொள்ள ஓர் இடம்

முதலில் குதிகால் எழும்பும். டிரையல் ரூம் கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது; அதில் தெரிகிற இரண்டு பாதங்களைத்தான் டோக்கனக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே இருக்கிற பெண்ணுக்கு உடுப்பு பிடித்துவிட்டால், அவளை அறியாமலேயே குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பும். பாதம் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருந்தால் சந்தேகம். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் ஒன்று ஜிப் ஏறவில்லை, இல்லாவிட்டால் போன் வந்திருக்கிறது. அதற்கேற்ப அக்கா அடுத்த அளவை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வாள். இல்லையென்றால் வரிசையில் நிற்கிறவர்களிடம், "இப்ப வந்துடும் அந்தப் பொண்ணு. பிடிச்சுப் போச்சு" என்று சொல்லி வைப்பாள்.

துணிக்கடையின் மூன்றாம் மாடி, பெண்களுக்கான ரெடிமேட் பிரிவு. அதன் கோடியில் வரிசையாக டிரையல் ரூம்கள். அவற்றின் வாசல்தான் அக்காவின் இடம். உள்ளே எத்தனை உடுப்பு போகிறதோ அந்த எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கனைக் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது சரிபார்த்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று விட்டுப்போனவற்றை மடித்து, மாட்டி, திரும்ப அனுப்ப வேண்டும். ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் உட்காரக் கூடாது என்று விதி. ஆகவே ஸ்டூலில் அவளுடைய தண்ணீர் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் நாள் முழுக்க நிற்பதற்கு முழங்கால் வலிக்காதா என்று கேட்டால், "வலிக்குது. அதுக்காக வேடிக்கை பாக்கறதை விட்டுட முடியுமா?" என்பாள்.

வேடிக்கைக்குக் குறைவில்லைதான். தோழிகளோடு கூட்டமாக வருகிற பெண்கள் ஒரே அறைக்குள் புகுந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு மாடி முழுக்கக் கேட்கும். முதல் சம்பளம் வாங்கிய கையோடு வருகிறவள் தன்னந்தனியாக வந்து, விலைச் சீட்டைப் பார்க்காமல் எடுப்பாள். உள்ளே போய்த்தான் அதைப் பார்ப்பாள். தோழிகளோடு மலையேறப் போகிறேன் என்று ஒருத்தி, விடுதியை விட்டுச் சொந்தமாக அறை எடுத்திருக்கிறேன் என்று ஒருத்தி. கேட்காமலேயே அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் டோக்கனை நீட்டியபடியே கேட்டுக்கொள்வாள். இந்தப் பெண்கள் யாரும் எதற்கும் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசுவதில்லை என்பது அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

அம்மாவோடு வருகிறவர்கள் கதை வேறு. மகள் உள்ளே இருக்கும்போதே அம்மா வெளியே நின்று தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுவாள். "கை இல்லாததா? வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டேன்." "இதைப் போட்டுக்கிட்டு உங்க பெரியப்பா முன்னாடி போய் நிப்பியா?" பெரியப்பா முன்னால் நிற்பதற்காக அந்தப் பெண் உடுப்பு வாங்க வரவில்லை என்று டோக்கனக்காவுக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளரிடம் வாய் கொடுக்க முடியுமா? அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். "அம்மா, இதே துணியில கொஞ்சம் லூசா, கை வச்சு, அந்தக் கடைசி ரேக்ல ஒண்ணு பாத்தேன். போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்பாள், குரலில் தேன் ஒழுக. கடைசி ரேக் மாடியின் மறுகோடியில் இருக்கிறது. அம்மா போய், தேடி, அங்கே நிற்கிற விற்பனைப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை சண்டை பிடித்துத் திரும்புவதற்குள், உள்ளே இருக்கிறவளுக்குக் கண்ணாடியும் தானும் மட்டுமாகக் கொஞ்ச நேரம் கிடைத்துவிடும். குதிகால் எழும்புவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அம்மா மூச்சிரைக்க வந்து நின்றால், "அப்ப வித்துப் போயிருக்கும்மா" என்று அக்கா முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வாள். கடைசி ரேக்கில் இருப்பதெல்லாம் குழந்தைகளின் சாக்ஸ்.

அடிக்கடி வருகிறவர்களில் ஒருத்திக்குக் கிராப்புக்காரி என்று மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறாள். தலைமுடியைக் காதுக்கு மேலே வெட்டிவிட்டு, வண்டியில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற பெண். ஆண்கள் மாடியில் பேண்ட்டும் சட்டையும் எடுத்துக்கொண்டு இங்கே ஏறி வருவாள். அங்கேயே போட்டுப் பார்த்தால் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களாம். ஆண்கள் உடுப்புக்கு இந்த மாடியில் டோக்கன் கொடுக்கக் கூடாது. அக்கா கொடுப்பாள். எதற்கு ஆம்பளைங்க பேண்ட், இங்கேயே இவ்வளவு இருக்கிறதே என்று முதல் தடவை கேட்டபோது, கிராப்புக்காரி பெண்கள் ரேக்கிலிருந்து ஒரு பேண்ட்டை உருவி அதன் பாக்கெட்டில் விரலை விட்டுக் காட்டினாள். நகம் புதைகிற அளவுகூடப் போகவில்லை.

"டம்மிக்கா. வாய் மட்டும் தச்சிருக்காங்க, வயிறு கிடையாது. போன், சாவி, காசு எல்லாத்தையும் கையிலயே பிடிச்சுக்கிட்டா வண்டி எப்படி ஓட்டுறது?"

எத்தனையோ வருஷமாகப் பேண்ட் மடித்துக் கை தேய்ந்தவள் அக்கா. ஆனால் இதை நின்று கவனித்ததில்லை. அன்றிலிருந்து மடிக்கிற ஒவ்வொரு பேண்ட்டிலும் அவள் விரல் தன்னால் பாக்கெட்டுக்குள் போய் வரும். சிலவற்றில் நிஜம், பலவற்றில் பொய். நிஜப் பாக்கெட் உள்ள பேண்ட்டைப் போட்டுக்கொண்ட பெண் என்ன செய்கிறாள் என்பதையும் கவனிக்கத் தொடங்கினாள். வெளியே வந்து பெரிய கண்ணாடி முன்னால் நின்றதும் இரண்டு கையையும் உள்ளே விடுவாள். விட்டதும் தோள் இறங்கும். ஒரு கால் கொஞ்சம் தளரும். யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லாதவளின் நிற்பு அது.

அக்காவுக்குக் கண் அந்த நிற்பின் மேல்தான். அவள் கைகள் என்றைக்குச் சும்மா இருந்திருக்கின்றன? பையோ குடையோ, பிள்ளையோ பிள்ளையின் செருப்போ, நழுவுகிற முந்தானையோ ஏதாவது ஒன்று பிடியில் இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கையை இன்னொரு கையாவது பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் கடை திறப்பதற்கு முன் அந்தப் பெரிய கண்ணாடியைத் துடைப்பது அவள் பொறுப்பு. மெரூன் நிறச் சீருடைச் சேலையில், கையில் துணியோடு ஒருத்தி எதிரே தெரிவாள். ஊழியர்கள் உடுப்பு போட்டுப் பார்க்கக் கூடாது என்ற அறிவிப்பு கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. அக்கா அதையும் சேர்த்துத் துடைப்பாள்.

ஒரே ஒரு தடவை அவள் அப்படி நின்றிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அண்ணனின் பேண்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். பாக்கெட்டில் கையை விட்டபோது கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்று தட்டுப்பட்டது. எந்த ஊருக்கு என்பது அழிந்துபோயிருந்தது. அண்ணன் போய்விட்டு வந்த ஏதோ ஓர் ஊர். எங்கே போனாய் என்று அவனை வீட்டில் யாரும் கேட்டதில்லை. வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அவசரமாக அவிழ்த்து மாட்டிவிட்டாள். டிக்கெட்டைத் திரும்ப வைக்க மறந்து, வெகுநேரம் உள்ளங்கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பேண்ட் போடுகிற மருமகள் வாய்த்தால் கொண்டாட்டம்தானே? வாய்க்கத்தான் செய்தாள். ஆனால் முதல் நாளே காரியம் கெட்டது. மகன் தான் விரும்பிய பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவள் ஜீன்ஸில்தான் வந்தாள். வாசலில் நின்றவளை அக்கா தொழில் பழக்கத்தில் கீழேயிருந்து மேலே பார்த்தாள். பாதம், கால் ஓரத்து மடிப்பு, முழங்கால், இடுப்பு. நீளம் கச்சிதம், பாக்கெட் நல்ல ஆழம். நிஜப் பாக்கெட் என்று உள்ளுக்குள் பூரித்துப்போய் நின்றாளே தவிர, சிரிக்கத் தோன்றவில்லை. தையல் பார்க்கிற முகம் எப்போதுமே கொஞ்சம் கடுகடுவென்றுதான் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு செய்தித்தாளையே உத்தியோகமாக வைத்துக்கொண்டிருந்த அவள் கணவர், அந்தத் தாளைச் சற்று உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பெண் இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த தடவை சுடிதாரில் வந்தாள். கல்யாணமாகி வந்த பிறகும் சுடிதார்தான்.

ஆனால் வேலைக்குக் கொண்டுபோகிற பை மட்டும் தினமும் புடைத்துக்கொண்டிருக்கும். கட்டடம் எழும்புகிற இடங்களுக்குப் போய், ஏணியேறி அளவு பார்க்கிற வேலை அவளுக்கு. துப்பட்டாவோடு ஏணி ஏற முடியாது என்பது அக்காவுக்குத் தெரியாதா? போய் இறங்கியதும் எங்கேயோ மாற்றிக்கொள்கிறாள்; மாலையில் திரும்ப மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். துவைத்த ஜீன்ஸைக் கொடியில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்துவிடுகிறாள். துண்டுக்குக் கீழே பாக்கெட் துணி இரண்டும் காது மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்ற துணிகளை அள்ளிவிட்டு இதை விட்டால் நனையும்; எடுத்தால் பார்த்ததாகிவிடும். கடைசியில் துண்டோடு சேர்த்தே சுருட்டி, பார்க்காதவள்போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே உள்ளே கொண்டுவந்து போட்டாள். அப்போது வீட்டில் வேறு யாருமே இல்லை.

வாய் திறந்து சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருக்கிறாள். நீ பேண்ட்டே போட்டுக்கொண்டு போம்மா என்றால், மாமியார் அனுமதி கொடுத்ததுபோல ஆகிவிடும். கொடுப்பதற்கு அது தன் கைப்பொருளா? எனக்கும் அது ஆசைதான் என்று சொல்லலாம். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றுவிடும். மகனை நடுவில் வைத்துச் சொல்லலாமென்றால் அவனுக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான், வந்தால் தூங்குவான். ஆகவே இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் மதித்து மதித்தே எட்ட நின்றார்கள். மாமியார் மருமகள் சண்டையே இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் பெயர். சண்டை வந்தாலாவது பேச்சு வளருமே என்றிருக்கும் அக்காவுக்கு. தினமும் காலையில் அந்தப் பெண் பையும் துப்பட்டாவுமாகப் படியிறங்கும்போது, ஒருநாளாவது இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு இந்தப் படியில் இறங்கிப் போக மாட்டாளா என்று மனசு ஏங்கும். மகள் இல்லாத வீடு அது.

இந்த நிலையில்தான் கடையில் சீருடை மாறியது. ஒருநாள் கடை திறப்பதற்கு முன் மேலாளர் எல்லாரையும் நிற்க வைத்து, இனிமேல் பெண்களுக்குச் சாம்பல் நிறப் பேண்ட்டும் சட்டையும்தான் என்று அறிவித்தார். இளம்பெண்கள் கைதட்டினார்கள். "சீனியர் அக்காங்க மட்டும் சேலையிலயே இருக்கலாம். உங்களை நாங்க சங்கடப்படுத்த மாட்டோம்" என்று அவர் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். நல்ல மனிதர், நல்லதைத்தான் நினைத்தார். பில் போடுகிற அக்கா இவள் முழங்கையைக் கிள்ளி, "தப்பிச்சோம்" என்றாள். டோக்கனக்காவும் தலையை ஆட்டி வைத்தாள். அன்று முழுவதும் டோக்கன் மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.

அளவெடுக்க ஒரு தையல்கார அம்மாள் வந்து ஸ்டாக் ரூமில் உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். அக்கா மடித்ததையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், பில் அக்கா என்ன சொல்வாள், இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று ஒவ்வொன்றாக மனசு எடுத்துப் போட்டது. டிரையல் ரூம் கதவுக்கு வெளியே நின்று அம்மாக்கள் சொல்கிற வாசகங்கள்தான் அவை. தையல்கார அம்மாள் நாடாவைச் சுருட்டத் தொடங்கியதைத் திறந்த கதவு வழியே பார்த்ததும், கையிலிருந்ததை ஸ்டூல்மேல் போட்டுவிட்டுப் போய் நின்றாள். மேலாளரும் அங்கேதான் இருந்தார். பதறிப்போனார்.

"அக்கா, உங்களுக்கு இது கட்டாயம் இல்லைக்கா."

"தெரியும் சார். அதனாலதான் கேக்க வந்தேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ, ஒதுங்கிக்கொண்டார். நாடா மறுபடி பிரிந்தது. அம்மாள் குனிந்து இடுப்பளவு எடுக்கும்போது அக்கா அவர் காதோடு காதாக, பாக்கெட் வைப்பீர்களா என்று கேட்டாள். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும் என்றார் அவர்.

ஒரே மாதிரிதான் வந்தது. புதுச் சீருடைப் பொட்டலத்தை அன்று மாலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாமல் ஓரத்தைப் பிரித்து விரலை உள்ளே விட்டாள். வாய் இருந்தது, வயிறு இல்லை. இன்னொரு பக்கமும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வயசில் ஒரு பாக்கெட்டுக்காக அழுதாள் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பஸ் இறங்குவதற்குள் வீட்டில் சொல்ல ஒரு பொய்யும் தயாராகிவிட்டது. கடையில் கட்டாயமாக்கிவிட்டார்கள் என்றால் தீர்ந்தது. கணவர் கடையைத் திட்டுவார், மருமகள் இரக்கப்படுவாள், ஒருவரும் இவளை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் காலை சாம்பல் நிறப் பேண்ட்டும் சட்டையுமாக அறையை விட்டு வெளியே வந்தாள். முந்தானை இல்லாத தோள் லேசாக, பழக்கமில்லாததாக இருந்தது. கணவர் தாளைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை அவர்; வீட்டில் எதுவும் இடம் மாறாமல் இருந்தால் போதும் என்று இருக்கிறவர்.

"என்ன இது? கட்டாயமா?"

பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. கூடத்து ஓரத்தில் மருமகள் தன் புடைத்த பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. கட்டாயம் என்று சொன்னால் தனக்கு வழி கிடைத்துவிடும். அந்தப் பைக்குக் கிடைக்காது. அக்கா பொய்யை மென்று விழுங்கினாள்.

"இல்லைங்க. நானே கேட்டு வாங்கினேன். ரொம்ப நாள் ஆசை."

தாள் மறுபடி உயர்ந்தது. ஆனால் பக்கம் திரும்பவில்லை. மருமகள் நிமிர்ந்து, மாமியாரைக் கீழேயிருந்து மேலே நிதானமாகப் பார்த்தாள்.

"நீளம் சரியா இருக்கு அத்தை" என்றாள்.

"பாக்கெட்தான் டம்மி" என்றாள் அக்கா. "உன்னோடதுல நிஜம். நீ முதல் நாள் வந்தப்பவே பாத்தேன். அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்தப் பெண்ணுக்கு அது உள்ளே போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது. முகம் ஒரு கணம் சிவந்தது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறைக் கதவுக்கு நேர் எதிரே கணவரின் நாற்காலி. அக்கா அதையும் கதவையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, தெருக் கடைசிக் கடையில, நீங்க ரொம்ப நாளாத் தேடற மாதிரி வளைஞ்ச கைப்பிடி வச்ச குடை ஒண்ணு வந்திருக்கு போல. போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள், குரலில் தேன் ஒழுக. வெயில் அடிக்கிற நாளில் குடை எதற்கு என்று முணுமுணுத்தபடியே அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்படி ஒரு குடை எந்தக் கடைக்கும் வரவில்லை.

வீட்டுக் கதவுக்கும் கீழே இடைவெளி உண்டு. டோக்கனக்கா அதன் முன்னால் வந்து, தன் இடத்தில் நிற்பதுபோல நின்றாள். துணி ஒன்று பாதங்கள்மேல் விழுந்து அப்பால் தள்ளப்பட்டது. அப்புறம் நீலத் துணியின் ஓரம் இறங்கி வந்தது. பாதங்கள் இப்படித் திரும்பின, அப்படித் திரும்பின, பிறகு அசையாமல் நின்றன. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்றிருக்கிறாள். இங்கே எடுத்து நீட்ட அடுத்த அளவு கிடையாது. காத்திருந்தாள். மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, குதிகால் இரண்டும் எழும்பின.

அக்கா ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். கைகள் பழக்கத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடின. இரண்டையும் இடுப்போரம் கொண்டுபோய், வயிறு இல்லாத பாக்கெட்டின் வாயில் விரல் நுனிகளைப் போனமட்டும் செருகிக்கொண்டாள்.